65 தாண்டிய அப்பா, அம்மாவின் மூளை நலத்துக்கு முதலில் எதில் கை வைப்பது?

கேள்வி: வெள்ளவத்தை வாசகி

அப்பாவுக்கு 71, பிரஷர் இருக்கிறது. ரீவியைச் சத்தமாகத்தான் வைப்பார், ஆட்கள் கூடினால் கதையில் சேராமல் ஒதுங்கிவிடுவார். அம்மாவுக்கு 66, சீனி வருத்தம். மெட்போர்மினும் கிளிக்லசைட்டும் பல வருடமாக எடுக்கிறா. இருவருக்கும் ஞாபகம் இப்போதைக்கு நல்லாக இருக்கிறது. ஜின்கோ கெப்சூல் வாங்கிக் கொடுக்கச் சொல்லிப் பலர் சொல்கிறார்கள். அதுவும் வல்லாரைச் சம்பலும் சுடோகுவும் போதுமா?

பதில் 1: கொட்டாஞ்சேனை தாதி

கெப்சூலுக்குக் காசு போட வேண்டாம். 75 வயது தாண்டிய 3,000 பேருக்கு மேல் சேர்த்து அமெரிக்காவில் நடந்த பரிசோதனையில், ஜின்கோ 120 மில்லிகிராம் நாளுக்கு இரண்டு தரம் கொடுத்தும் மறதி நோய் குறையவில்லை. அது 2008 இலேயே வெளிவந்த முடிவு. வல்லாரை நல்ல கீரை, தாராளமாகச் சாப்பிடட்டும். மருந்தாக நம்பி இருக்க வேண்டாம்.

அப்பாவின் காதிலிருந்து தொடங்குங்கள் அக்கா. மறதி நோய்க்கான, தடுக்கக்கூடிய 14 காரணிகளை லான்செட் மருத்துவ இதழின் ஆணைக்குழு 2024 இல் பட்டியலிட்டபோது, காது கேட்பது குறைவதும் எல்டிஎல் என்ற கெட்ட கொழுப்பும்தான் அதில் ஆகக்கூடிய பங்கு பெற்றவை. காது சரியாகக் கேட்காதவருக்குச் சொல்லைப் பிடிப்பதிலேயே மூளையின் உழைப்பு போய்விடுகிறது, கதைத்ததை நினைவில் வைக்க மிச்சம் இருப்பதில்லை. பிறகு கதையையே குறைத்துக்கொள்வார். அந்தத் தனிமையும் மூளைக்குக் கேடு. முதலில் காதுக்குடுமி (காது அழுக்கு) அடைத்திருக்கிறதா என்று டொக்டரிடம் காட்டுங்கள். பஞ்சுக் குச்சி போட்டால் குடுமி இன்னும் உள்ளே போய் இறுகும். அடைப்பு இல்லையென்றால் காது மூக்கு தொண்டை கிளினிக்கில் காது எவ்வளவு கேட்கிறது என்று பரிசோதனை செய்யுங்கள். காதுக் கருவி கொடுத்தால் முதல் வாரம் அமைதியான அறையில் நாளுக்கு ஓரிரு மணித்தியாலம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம். முதல் நாளே கல்யாண வீட்டுக்குப் போட்டுக்கொண்டு போனால் எல்லாச் சத்தமும் ஒன்றாக மோதும். அதோடு கருவி லாச்சிக்குள் போய்விடும். கண்ணில் வெண்படலம் இருந்தால் அதையும் தள்ளிப்போட வேண்டாம்.

சுடோகு கெடுதல் இல்லை. சுடோகு செய்தால் சுடோகுவில் கெட்டிக்காரர் ஆகலாம், அவ்வளவுதான். நாலு பேரோடு கதைத்துப் பேரப்பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பது அதைவிட மேல்.

பதில் 2: மருந்தாளர், தெஹிவளை

பிரஷரைச் சரியாக அளக்காமல் 'கட்டுப்பாட்டில் இருக்கிறது' என்று சொல்ல முடியாது. கையின் மேற்பகுதியில் கட்டும் மெஷின் வாங்குங்கள். மணிக்கட்டு மெஷின் பிழைக்கும். பட்டி சிறிதாக இருந்தால் அளவு கூடுதலாகக் காட்டும். தேத்தண்ணி குடித்து அரை மணித்தியாலம் போக வேண்டும், சலம் போய்விட்டு வர வேண்டும். முதுகு சாய்ந்து, கால் தரையில் பட, ஐந்து நிமிடம் கதிரையில் சும்மா இருந்து, கை நெஞ்சு மட்டத்தில் வைத்து அளக்க வேண்டும். அப்போது கதைக்கக் கூடாது. காலை இரண்டு தரம், மாலை இரண்டு தரம், ஒரு நிமிட இடைவெளியில், ஏழு நாள். முதல் நாளை விட்டுவிட்டு மிச்சத்தின் சராசரியை டொக்டரிடம் காட்டுங்கள். வீட்டில் 135/85 க்கு மேல் நின்றால் கூடுதல். எழும்பும்போது தலைசுற்றினால், நின்று ஒரு நிமிடத்திலும் மூன்று நிமிடத்திலும் அளந்து அதையும் சொல்லுங்கள். மேல் அளவு 20 இறங்கினால் குளிசையின் அளவை மாற்ற வேண்டி வரலாம்.

அம்மாவுக்கு: மெட்போர்மின் நெடுநாள் எடுத்தால் விற்றமின் பி12 குறையும், வயிற்று அமிலத்துக்குப் போடும் ஒமிப்ரசோலும் சேர்ந்தால் இன்னும் குறையும். மரக்கறி மட்டும் சாப்பிடுபவர் என்றால் கட்டாயம் இரத்தத்தில் பாருங்கள். பி12 குறைவால் வரும் மறதியைத் திருத்தலாம், பிந்தினால்தான் கஷ்டம். இன்னொன்று: ஒவ்வாமைக்கும் தடிமனுக்கும் போடும் குளோர்பெனிரமின், சனம் பிரிட்டோன் என்று கேட்டு வாங்குவது. அதை நித்திரைக்காக இரவிரவாகப் போடும் வயதானவர்கள் அதிகம். அந்த வகை மருந்து மூளையை மந்தமாக்கும், சலத்தையும் கட்டும். வீட்டில் இருக்கிற எல்லாக் குளிசையையும் ஒரு பையில் போட்டு கிளினிக்குக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

பதில் 3: இயன்மருத்துவர்

நடை: வாரம் 150 நிமிடம். கதைக்க முடியும், பாட முடியாது என்ற வேகம். மெரின் டிரைவிலோ காலிமுகத்திடலிலோ காலை ஏழுக்கு முன் நல்லது. இறப்பர் செருப்பு வேண்டாம், பின்பக்கம் பிடிக்கும் சப்பாத்து போடட்டும். அம்மா திரும்பி வந்ததும் பாதத்தில் கொப்புளம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வாரத்தில் இரண்டு நாள், கை ஊன்றாமல் கதிரையிலிருந்து பத்துத் தரம் எழும்பி இருப்பது, இரண்டு சுற்று. கதிரையைச் சுவரோடு ஒட்டி வையுங்கள். சறுக்கினால் இடுப்பெலும்பு போகும்.

சாப்பாட்டில் உப்பு ஆளுக்கு நாளுக்கு ஒரு தேக்கரண்டிக்குள். கருவாடு, அச்சாறு, சூப் கட்டி எல்லாம் அந்தக் கணக்கிலேயே சேரும். சோறு தட்டில் கால்வாசி, கீரையும் மரக்கறியும் அரைவாசி. மீன் சாப்பிடுவீர்களென்றால் சாளை, சூடை, கும்பளா போதும், விலை கூடின மீன் தேவையில்லை.

வெள்ளவத்தை வாசகி

மிக்க நன்றி. அம்மா சில நாள் காலையில் வெறும் வயிற்றில் நடந்துவிட்டு வந்து, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்கிறா. வயது காரணமா?

பதில்: மருந்தாளர், தெஹிவளை

இல்லை அக்கா, சீனி இறங்குவதாக இருக்கலாம். கிளிக்லசைட் அதைச் செய்யும். அந்த நேரமே விரலில் குத்திப் பாருங்கள். 70 (mg/dL) க்குக் கீழ் என்றால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்தில் திரும்பப் பாருங்கள். விழுங்க முடியாத நிலையில் வாயில் எதுவும் ஊற்ற வேண்டாம், 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு எடுங்கள். சீனி சரியாக இருந்தும் திடீர்க் குழப்பம் வந்தால் சலத்தில் கிருமி, இரத்தத்தில் உப்புக் குறைவு, பக்கவாதம் எல்லாம் பார்க்க வேண்டும். அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். நாளையிலிருந்து வெறும் வயிற்று நடையை நிறுத்துங்கள். இந்த வாரமே டொக்டரிடம் கிளிக்லசைட்டின் அளவைப் பற்றிக் கேளுங்கள்.