இலை தழைத்தும் மொட்டு வைக்காத செவ்வந்தி

கேள்வி

வணக்கம். மொட்டை மாடியில் மூன்று பெரிய தொட்டிகளில் மஞ்சள் செவ்வந்தி வளர்த்து வருகிறேன். மூன்றும் ஒரே தாய்ச்செடியின் தூரிலிருந்து பிரித்து நட்டவை. அவற்றுக்கு இது மூன்றாம் ஆண்டு. நாளொன்றுக்கு ஏறக்குறைய 7 மணி நேரம் நேரடி வெயில் படுகிறது. மண் கலவை, உரம், நீர் ஆகிய எதிலும் நான் வேறுபாடு காட்டுவதில்லை. கடைசியாக நுனி கிள்ளி இரண்டு மாதங்களுக்கு மேலாகிறது. பகல் குறையத் தொடங்கிய பின் இரண்டு செடிகளில் மொட்டுகள் நெருக்கமாக வந்துவிட்டன. படிக்கட்டை ஒட்டி நிற்கும் மூன்றாவது செடியோ, மூன்றிலும் இதுவே செழிப்பானது என்று பார்ப்பவர்கள் சொல்லும் அளவுக்குக் கரும்பச்சை இலைகளோடு முழங்கால் உயரம் வளர்ந்திருக்கிறது. ஆனால் ஒரு மொட்டுகூட இல்லை. கிளை நுனியை விரித்துப் பார்த்தால் சுருண்ட தளிர்தான் தெரிகிறது. சில நுனிகளில் கறுப்பாகச் சிறு பூச்சிகள் மொய்த்திருக்கின்றன. சென்ற இரண்டு ஆண்டுகளும் இதே செடி இதே இடத்தில் இலை தெரியாமல் பூத்தது. உரம் போதவில்லையா, அல்லது பூச்சிதான் மொட்டைக் கெடுக்கிறதா என்பதை அனுபவம் உள்ளவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

முதல் பதில்

உரம் போதவில்லை என்று தோன்றவில்லை; கூடிவிட்டது என்றே நினைக்கிறேன். தழைச்சத்து மிகுந்தால் செவ்வந்தி இலையும் தண்டுமாகவே வளர்ந்துகொண்டு போகும். கரும்பச்சை நிறம் அதற்கு ஓர் அறிகுறி. மொட்டுப் பருவம் நெருங்கும்போது தழைச்சத்தைக் குறைத்து, சாம்பல் சத்து உள்ள உரத்தைச் சிறிதளவு கொடுங்கள். மேல்மண் விரற்கணு அளவுக்குக் காய்ந்த பிறகு நீர் விட்டால் போதும்; தொட்டியின் அடித்துளை அடைபட்டிருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

இரண்டாம் பதில்

முந்தைய பதிலில் சொன்னவை பொதுவாகச் சரியே, ஆனால் இந்தச் செடிக்குப் பொருந்துமா என்பது ஐயம். உரம்தான் காரணம் என்றால், அதே உரம் பெற்ற மற்ற இரண்டு செடிகளும் மொட்டு வைத்திருக்கக் கூடாது. மூன்றும் ஒரே தூரிலிருந்து வந்தவை என்பதால் வகை வேறுபாடு என்றும் சொல்ல முடியாது. எஞ்சியிருப்பது இடம் ஒன்றுதான். அந்தப் படிக்கட்டில் இரவில் விளக்கு எரிகிறதா? எரிகிறது என்றால் அது எப்போது பொருத்தப்பட்டது?

செவ்வந்தியை வெயில் செடி, வெயில் செடி என்று சொல்லிச் சொல்லியே அதன் இரவை நாம் மறந்துவிட்டோம். பகலில் நல்ல வெயிலும் இரவில் இடையறாத நீண்ட இருட்டும் கிடைத்தால்தான் அது பூக்கத் தொடங்கும்.

கேட்டவரின் மறுமொழி

நீங்கள் கேட்டது சரிதான். மாலையில் தானாக எரிந்து விடியலில் அணையும் விளக்கொன்றை இந்த ஆண்டுதான் படிக்கட்டின் மேல் பொருத்தினோம். நேற்றிரவு செடியின் அருகில் நின்று பார்த்தேன். அந்த வெளிச்சத்தில் உர மூட்டையின் மீதுள்ள சிறிய எழுத்துகளைக்கூடப் படிக்க முடிகிறது. மற்ற இரண்டு தொட்டிகளும் நீர்த்தொட்டியின் நிழலில் முழு இருட்டில் இருக்கின்றன. வீட்டில் வயதானவர்கள் இரவில் படி இறங்குவதால் விளக்கை அணைக்க இயலாது. தொட்டியும் நகர்த்தும் எடையில் இல்லை. ஆனால், இவ்வளவு மங்கலான ஒளிக்கும் ஒரு செடி இப்படிக் கட்டுப்படுமா?

மூன்றாம் பதில்

கட்டுப்படும். பகல் நீளத்துக்கும் பூத்தலுக்கும் உள்ள தொடர்பை கார்னர், அல்லார்டு என்ற இரு ஆய்வாளர்கள் 1920ஆம் ஆண்டில் விளக்கினார்கள். அந்த நீளத்தைச் செடியின் எந்தப் பகுதி உணர்கிறது என்பதை 1930களில் மிகைல் சைலக்யான் செவ்வந்தியைக் கொண்டே கண்டறிந்தார். மேற்பகுதியின் இலைகளை அகற்றிவிட்டு, கீழே எஞ்சிய இலைகளுக்கு மட்டும் குறுகிய பகலை அவர் அளித்தபோது, நீண்ட பகலில் இருந்த நுனியிலும் பூ வந்தது. உணர்வது இலை, மொட்டு வைப்பது நுனி என்பது அதனால் தெளிவாயிற்று. இலையிலிருந்து நுனிக்குச் செல்லும் அந்தச் செய்திப்பொருளுக்கு 1937இல் அவர் ஃபுளோரிஜென் என்று பெயரிட்டார். பூப்பண்ணைகளில் செவ்வந்தி உரிய காலத்துக்கு முன்பே பூத்துவிடாமல் தடுக்க, நள்ளிரவை ஒட்டிச் சில மணி நேரம் மங்கலான விளக்குகளை எரிப்பது இன்றும் வழக்கத்தில் உள்ள முறை. அவர்கள் வேண்டுமென்றே செய்வதை உங்கள் படிக்கட்டு விளக்கு இரவு முழுவதும் செய்துகொண்டிருக்கிறது.

விளக்கின் மாடிப் பக்கத்தில் ஒரு தகட்டை வளைத்துப் பொருத்தி, ஒளி படியில் மட்டும் விழும்படி செய்வது எளிய வழி. அது முடியாவிட்டால், செடியைச் சுற்றி நான்கு குச்சிகளை நட்டு, இலைகளில் உராயாதபடி அடர்ந்த கறுப்புத் துணியை இருட்டியதும் போர்த்தி, விடிந்ததும் எடுத்துவிடுங்கள். பகல் ஏற்கெனவே குறுகிவிட்டதால் மாலை வெயிலிலேயே மூட வேண்டியதில்லை. அப்படி மூடினால் உள்ளே வெப்பம் தங்கி மொட்டு இன்னும் தாமதமாகும். ஓரிரவும் தவறவிடாதீர்கள். ஏறக்குறைய மூன்று வாரங்களில் மொட்டு கண்ணுக்குத் தெரியத் தொடங்கும். மொட்டுகளில் நிறம் தெரியும் வரை மறைப்பை விடாமல் தொடருங்கள். இருட்டு தொடங்கிய நாளிலிருந்து மலர் விரிய, வகையைப் பொறுத்து, 7 முதல் 12 வாரங்கள் பிடிக்கலாம். இனி இந்தப் பருவத்தில் நுனி கிள்ள வேண்டாம்.

நான்காம் பதில்

விளக்கு பற்றி நான் சேர்க்க ஒன்றுமில்லை. அந்தக் கறுப்புப் பூச்சிகள் அசுவினியாக இருக்கும். அவை மொட்டைத் தின்பதில்லை, தளிரின் சாற்றை உறிஞ்சுகின்றன. மொட்டு வரும் நேரத்தில் பெருகினால் பூ கோணலாக விரியும். அதிகாலையில் நீரை வேகமாகப் பீய்ச்சி நுனிகளைக் கழுவுங்கள். இலைகள் வெயிலில் விரைவாக உலர்ந்துவிடும். மாலையில் இலைகளை நனைத்தால் இலைப்புள்ளி நோய்க்கு நீங்களே இடம் கொடுத்ததாகும்.

மூன்றாம் ஆண்டு என்று எழுதியிருந்தீர்கள். தூரின் நடுப்பகுதியைக் கையால் அழுத்திப் பாருங்கள். பெரும்பாலும் விறகுபோல் ஆகியிருக்கும். பூத்து முடிந்ததும் தண்டுகளைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கும் குறைவாக வெட்டிவிட்டால் ஓரங்களில் புதுக்கன்றுகள் கிளம்பும். வேரோடு அவற்றைப் பிரித்து, நடுத்தூரைத் தயங்காமல் எறிந்துவிட்டு, கன்றுக்குக் கன்று ஓரடி இடைவெளி விட்டு நடுங்கள். பழைய செடியை வீணாக்குகிறோமே என்று நானும் இரண்டு ஆண்டுகள் அப்படியே வைத்திருந்தேன்; பூக்கள் சட்டைப் பொத்தான் அளவுக்குச் சிறுத்துப்போயின. புதுக்கன்று ஒரு சாண் வளர்ந்ததும் முதல் கிள்ளல், பக்கக்கிளைகள் அதே அளவு வளர்ந்ததும் இரண்டாவது, அதோடு நிறுத்திக்கொள்ளலாம். கையில் வெட்டுக்காயம் இருந்தால் உறை அணிந்துகொள்ளுங்கள். செவ்வந்தி இலையின் சாறு சிலருக்குத் தோலில் அரிப்பை உண்டாக்கும்.

கேட்டவரின் மறுமொழி

விளக்குக்குத் தகரத்தில் மறைப்பு செய்து பொருத்தி, இன்றோடு 24 நாட்கள் ஆகின்றன. படிக்கட்டுக்கு எதிர்ப்பக்கம் உள்ள கிளைகளில் மிளகளவு மொட்டுகள் பதினொன்றை எண்ணினேன். விளக்கின் பக்கம் இருக்கும் கிளைகளில் இன்னும் ஒன்றும் தெரியவில்லை. தகட்டின் ஓரத்தில் விரற்கடை அளவு இடுக்கு வழியாக ஒளி கசிவதை நேற்றிரவுதான் கவனித்தேன். இன்று மாலை அதையும் அடைத்துவிடுகிறேன்.