பஃபர் சோன்: தாங்கல் மண்டலமா, சார்நிலமா?

நண்பர்களுக்கு வணக்கம். நம் கலைச்சொல் பட்டியலில் உள்ள பஃபர் சோன் (buffer zone, சரணாலயம் போன்ற காப்பிடத்தைச் சுற்றியுள்ள நிலப்பகுதி) பற்றி வந்த யோசனை இது:

> பஃபர் சோனுக்கு ‘தாங்கல் மண்டலம்’ என்று வைத்துவிடலாமே? வேதியியலில் தாங்கல் கரைசல் (buffer solution, சிறிது அமிலமோ காரமோ சேர்ந்தாலும் தன்மை அதிகம் மாறாத கரைசல்) ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது.

வேதியியலுக்குச் சரி. நிலப் பயன்பாட்டுத் திட்டத்தில் இது எங்கே இடறும் என்று பார்க்க வேடந்தாங்கலையே எடுத்துக்கொள்வோம் (அந்த ஊர்ப் பெயரில் உள்ள தாங்கல் சிற்றேரி, பழவந்தாங்கலில் உள்ளதும் அதுவே, ஆகவே செங்கல்பட்டுக்காரர் காதில் இந்தச் சொல் வேறு மாதிரி விழும், அது இருக்கட்டும்).

அங்கே ஏரி சுமார் 30 ஹெக்டேர்தான். 1998-இல் சரணாலயமாக அறிவித்ததோ ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் வரைக்கும். ஏரிக்குள் நீர்க்கடம்பிலும் கருவேலத்திலும் கூடு கட்டுகிற பறவைக்கு அந்த ஏரி ஒன்றே சோறு போடாது. நத்தைகுத்தி நாரையைப் பாருங்கள், அலகை மூடினாலும் நடுவில் ஓர் இடைவெளி தெரியும், நத்தையை ஓட்டிலிருந்து வெளியே எடுக்கத் தோதான அலகு. அந்த நத்தைக்கு அது இறங்குவது சுற்று வட்டாரத்து நஞ்சையிலும் சின்னச் சின்ன ஏரிகளிலும்தான், அங்கே தின்றதைக் கூட்டுக்கு வந்து கக்கித்தான் குஞ்சுக்கு ஊட்டுகிறது. வயலில் தண்ணீர் நிற்காவிட்டால் கூட்டில் குஞ்சு நிலைக்காது. பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பதால் ஊர்க்காரர்களும் பல தலைமுறையாக இந்தப் பறவைகளைக் காத்து வருகிறார்கள். ஆக ஏரிக்கும் வயலுக்கும் இரண்டு பக்கமும் கொடுக்கல் வாங்கல் உண்டு.

இந்த வயலைப் போய்த் ‘தாங்கல்’ என்றால், ஏரிக்கு வருகிற அடியை வாங்கிக்கொள்ளத்தான் அது இருக்கிறது என்று பொருளாகிவிடும். அடி வாங்குகிற ஓரத்தில் கொஞ்சம் நறுக்கினால் என்ன என்று கேட்பது அப்புறம் எளிது. 2020-இல் அந்த 5 கிலோமீட்டரை 3 ஆகக் குறைக்கலாம் என்று வனத்துறை முன்வைத்த யோசனையும், அதற்கு எழுந்த எதிர்ப்பும் நினைவிருக்கும். வட்டக் கணக்குப்படி 5 கிலோமீட்டர் ஆரம் என்றால் 78 சதுர கிலோமீட்டர், 3 என்றால் 28. ஏரியில் ஒரு சென்ட் கூடக் குறையாது, பறவைகள் இரை தேடுகிற நிலத்தில்தான் பெரும்பகுதி போகும்.

முதுமலைப் புலிகள் காப்பகச் செய்திகளில் பஃபர் சோனுக்கு வரும் ‘வெளிமண்டலம்’ இதைவிட மோசம். வெளியே உள்ளது என்பதைத் தவிர ஒன்றும் சொல்லவில்லை, போதாக்குறைக்கு ஓர் எழுத்து மாறினால் வளிமண்டலம்.

என் பரிந்துரை ‘சார்நிலம்’. ஓர் உயிரினம் கூடு கட்டவோ குட்டி போடவோ ஓரிடத்தில் இருந்துகொண்டு, தீனிக்கும் தண்ணீருக்கும் எந்த நிலத்தைச் சார்ந்திருக்கிறதோ அந்த நிலம். பட்டா நிலமாகவும் இருக்கலாம், புறம்போக்காகவும் இருக்கலாம். ‘இரைநிலம்’ என்று முதலில் யோசித்தேன், பறவைக்குப் பொருந்துகிறது, ஆனால் வரத்துக்கால்வாயையும் நீர்பிடிப்பையும் அதில் அடக்க முடியவில்லை. ‘மேய்நிலம்’ என்றால் வருவாய்த்துறையின் மேய்க்கால் புறம்போக்கோடு குழப்பம்.

சார்பதிவாளர், சார்நிலைப் பணி என்பதில் ‘சார்’ கீழ்நிலையைக் குறிக்கிறதே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அரசாணை மொழியில் பழகியவர்களுக்கு அது உறுத்தும். ஆனால் ‘விவசாயம் சார்ந்த’ என்று நாள்தோறும் எழுதுகிறோம், அதில் யாரும் கீழ்நிலையைப் படிப்பதில்லை. இதைவிடப் பொருத்தமாக ஒன்று கிடைத்தால் என் சொல்லை விட்டுவிடவும் தயார்.

‘தாங்கல்’ என்ற சொல்லையும் தூக்கி எறிய வேண்டாம், ‘தாங்கல் பட்டை’ என்று வைத்துக்கொள்ளலாம். சாலை இரைச்சல், ஆலைக் கழிவு, பட்டாசு ஆகியவற்றைத் தடுக்க எல்லையோரமாக விடுகிற ஒதுக்கத்துக்கு அது சரியாகவே பொருந்தும். இரண்டும் வெவ்வேறு வேலை செய்யும் நிலங்கள், விதிகளும் வேறாகத்தான் இருக்க வேண்டும். தாங்கல் பட்டையில் வேலியும் மரமும் போதும். சார்நிலத்தில் நெல் விளைய வேண்டும், ஏரிகள் தூர்ந்துபோகக் கூடாது, நஞ்சையை மனையாக்க நிலப் பயன்பாட்டு மாற்றம் கேட்டு வந்தால் மறுக்க வழி இருக்க வேண்டும், அதோடு நெல் போடுகிறவருக்கு அது கட்டுப்படியாகவும் வேண்டும். வரைபடத்தில் இரண்டுக்கும் ஒரே நிறம் அடித்து ஒரே பெயர் வைத்தால் இதையெல்லாம் எங்கே எழுதுவது?

பட்டியலில் ஒரே ஆங்கிலச் சொல்லுக்கு நேராக இரண்டு தமிழ்ச் சொற்களையும் தனித்தனி விளக்கத்தோடு போடலாம் என்கிறேன். வேடந்தாங்கலுக்குப் பக்கத்துப் பறவைகள் சரணாலயமான கரிக்கிலிக்கும், முதுமலையை ஒட்டிய யானை வழித்தடமான சீகூருக்கும் இந்தப் பிரிவினை பொருந்துமா என்று அந்தப் பக்கம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். சீகூரில் யானை தங்குவதும் தின்பதும் கடப்பதும் ஒரே நிலத்தில் நடப்பதால் அங்கேதான் எனக்குச் சந்தேகம்.