ஸ்டேஷன் கீப்பிங்: தமிழில் என்ன போடலாம்?

நா.: வணக்கம். செயற்கைக்கோள் பாடக்குறிப்பு திங்களன்று அச்சுக்குப் போகிறது. ‘ஸ்டேஷன் கீப்பிங்’ மட்டும் இடிக்கிறது. பழைய குறிப்பில் யாரோ ‘நிலையப் பராமரிப்பு’ என்று எழுதியிருக்கிறார்கள். ரயில் நிலையத்துக்கு வெள்ளையடிப்பதுபோல் இருக்கிறது. 35,786 கி.மீ. உயரத்தில் கோள் ‘நிற்கிறது’ என்கிறோமே தவிர, அது சும்மா நிற்பதில்லை. சூரியனும் நிலவும் இழுப்பதால் பாதை வடக்கு தெற்காகச் சாய்கிறது. பூமத்திய ரேகை சரியான வட்டமில்லை, அதனால் கிழக்கு மேற்காகவும் நழுவுகிறது. உந்துபொறியை அவ்வப்போது எரித்து அதன் இடத்திலேயே இழுத்துப் பிடிக்க வேண்டும். இதுதான் ஸ்டேஷன் கீப்பிங். அந்த எரிபொருள் தீர்ந்தால், சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் டிரான்ஸ்பாண்டர் எல்லாம் நன்றாக இருந்தாலும் கோளுக்கு ஓய்வுதான்.

செ.: அம்மா, வள்ளுவரே ‘நிலையின் திரியாது’ என்று கொடுத்துவிட்டாரே! ‘நிலைதிரியாமை’. திரிதல் என்றால் அலைதல், மாறுதல் இரண்டும். திரிபு, திரிகை, விளக்குத்திரி எல்லாம் ஒரே வேர், முறுக்குவதால்தான் திரி.

வெ.: ஐயா, பையன்களுக்குத் திரிந்த பால்தான் நினைவுக்கு வரும். அதுவும் ‘-யாமை’ என்று முடிந்தால் ஒன்றும் செய்யாமல் இருப்பதாகப் படுகிறது. இங்கே பொறி எரிகிறது. என் ஓட்டு ‘நிலைகாப்பு’. முன்னொட்டுப் போடவும் வசதி: வடதென் நிலைகாப்பு, கீழ்மேல் நிலைகாப்பு. முதலாவதுதான் எரிபொருளைத் தின்கிறது. ஆண்டுக்குச் சுமார் 50 மீ/வி திசைவேக மாற்றம். இரண்டாவதற்கு அதில் சின்னப் பங்குதான். அதனால்தான் வயதான கோள்களில் முதலாவதை நிறுத்திவிட்டு இரண்டாவதை மட்டும் வைத்து மேலும் சில ஆண்டுகள் ஓட்டுகிறார்கள். கோள் தினமும் வடக்கும் தெற்குமாக ஆடும், தரையில் பெரிய டிஷ் அதன் பின்னாலேயே திரும்பும்.

நா.: ‘கீழ்மேல்’ என்றால் உயரம் என்று நினைத்துவிடுவார்கள். கிழக்கு-மேற்கு என்றே போடுகிறேன். அப்புறம், இண்டெல்சாட் 901 என்ற தகவல்தொடர்புக் கோளை எடுத்துக்காட்டாக வைத்திருக்கிறேன். 2001இல் ஏவியது. 2019 டிசம்பரில், ஓய்வு பெற்ற கோள்களை ஒதுக்கிவைக்கும் ‘கிரேவ்யார்ட்’ பாதைக்கு ஏற்றிவிட்டார்கள். 2020 பிப்ரவரியில் மெவ்-1 என்ற கலம் அதன் என்ஜின் கூம்புக்குள் ஒரு தண்டை நுழைத்துப் பிடித்துக்கொண்டது. அதன்பின் 901 திரும்பவும் பணிக்கு வந்தது. 2025 வரை அதன் நிலைகாப்பை மெவ்-1 பார்த்துக்கொண்டது. அந்தப் பாதையைச் ‘சுடுகாட்டுப் பாதை’ எனலாமா?

செ.: சுடுகாடு இல்லை அம்மா, இடுகாடு. தாழ்ந்த பாதையில் ஓடுபவை காற்றுமண்டலத்தில் விழுந்து எரிகின்றன, சுடுகாடு அவற்றுக்கு. இவற்றை நாம் எரிக்கவில்லை, சுமார் 300 கி.மீ. மேலே கொண்டுபோய் இடுகிறோம்.

வெ.: இதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கேட்ட சொல் என்னாயிற்று?

நா.: அச்சகம் அவசரப்படுத்துகிறது. மூன்று பேர் தனிமடலில் ‘நிலைகாப்பு’ போதும் என்றார்கள், அதில் ஒருவர் ‘எதையாவது போட்டு முடியுங்கள்’ என்றே எழுதியிருக்கிறார். நிலைகாப்பு என்றே போடுகிறேன். முதல் இடத்தில் மட்டும் பக்கத்தில் ‘ஸ்டேஷன் கீப்பிங்’ இருக்கும்.

செ.: என் மறுப்பு பதிவாகட்டும். போடுவதானாலும் ‘நிலைக்காப்பு’ என்று ஒற்று மிக வேண்டும்.

வெ.: மெய்காப்பாளருக்கு மிகுகிறதா ஐயா?

செ.: அது வேறு தொகை. நாளை விரிவாக எழுதுகிறேன்.