குத்தகைக் கண்மாயில் தூண்டில் போடுவது தவறா?

தக்கை மிதக்குது:
போன ஞாயிற்றுக்கிழமை தேவகோட்டைப் பக்கம் ஒரு கண்மாயில் மடையோரம் உட்கார்ந்து ராடு போட்டேன். ஒரு மணி நேரத்தில் உள்ளங்கை அளவு ஜிலேபி மீன் இரண்டு. குத்தகைக்காரரின் ஆள் வந்து தூண்டில் நரம்பைச் சுருட்டச் சொல்லிவிட்டார். அவர்கள் வலை போட்டு மொத்தமாக அள்ளப்போகிறவர்கள். என் ஒரு முள்ளால் என்ன குறைந்துவிடும்? கண்மாய் ஊர்ப் பொதுதானே?

கலுங்கடி:
தம்பி, தண்ணீர் பொது, மீன் பொது இல்லை. மீன் பிடிக்கும் உரிமைக்கான மீன்பாசி ஏலத்தில் குத்தகைக்காரர் பணம் கட்டி, கட்லா, ரோகு குஞ்சு வாங்கி விட்டு, காவலுக்கு ஆளும் வைத்திருக்கிறார். எங்கள் பக்கம் ஜூலையில் தொடங்கும் பசலி ஆண்டுக் கணக்கு, ஜூன் 30-க்குள் பிடித்து முடிக்க வேண்டும். என் மாமா குத்தகை எடுத்த ஒரு வருடம் மாசியிலேயே தண்ணீர் முழங்காலுக்கு இறங்கிவிட்டது. விடியற்காலையில் மீன் எல்லாம் வாயைப் பிளந்துகொண்டு மேலே வந்து நின்றது. இரண்டு நாளில் போட்ட முதல் போச்சு. ஒரு முள் என்பது உங்கள் கணக்கு. ஞாயிற்றுக்கிழமை கரையில் பதினைந்து முள் கிடக்கிறது.

தக்கை மிதக்குது:
உங்கள் மாமா பட்ட நட்டம் புரிகிறது அண்ணே. ஆனால் அதே கரையில் ஊர்ப் பையன்கள் மூங்கில் குச்சியில் மண்புழு கோத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள், அவர்களை யாரும் விரட்டவில்லை. வெளியூர்க்காரன், ரீல் வைத்திருக்கிறான் என்றால் மட்டும் சட்டமா? ஜிலேபி அவர் விட்ட மீனும் இல்லை. தானாகப் பெருகி, கட்லாக் குஞ்சோடு தீனிக்குப் போட்டி போடுகிற மீன்.

வரால் பித்தன்:
குத்தகைச் சண்டை இருக்கட்டும். வராலுக்கு இரையாக ரப்பர் தவளை வீசுகிற நம் ஆட்களிடம் ஒன்று கேட்க வேண்டும். மழை பெய்து கண்மாய் பெருகினதும் கோரைக்கு நடுவில் தண்ணீர் கொப்பளிக்கிற மாதிரி ஓர் இடம் தெரியும். கிட்டப் போய்ப் பார்த்தால் செம்பு நிறத்தில் நூற்றுக்கணக்கான குஞ்சுகள், மூச்சுக்கு மேலே வந்து வந்து போகும். அடியிலேயே பெரிய வரால் காவல் நிற்கும். அதன் தலைக்கு மேல் தவளையை இழுத்தால் பசிக்காகக் கடிப்பதில்லை, குஞ்சைக் காப்பாற்றக் கடிக்கிறது. மூன்று வருடத்துக்கு முன் நானும் அப்படி ஒன்றைப் பிடித்தேன். போட்டோ எடுத்துவிட்டுத் திரும்பினால் கெண்டையும் ஜிலேபியும் அந்தக் கூட்டத்தைக் கலைத்துத் தின்றுகொண்டிருந்தன. அதிலிருந்து ஐப்பசி, கார்த்திகையில் வராலுக்குத் தூண்டில் எடுப்பதில்லை.

முள்ளும் நரம்பும்:
அது உங்கள் மனசாட்சி, மற்றவர்கள் மேல் சட்டமாகத் திணிக்காதீர்கள். நான் பிடித்ததும் விட்டுவிடுகிறேன்.

வரால் பித்தன்:
விடுகிறீர்கள், சரி. முள்ளைக் கழற்றி, எடை போட்டு, படம் எடுத்து விட எவ்வளவு நேரம்? குஞ்சைத் தின்ன அந்த நேரம் போதும்.

கலுங்கடி:
எழுதிய சட்டம் மட்டும்தான் சட்டம் என்றால் ஊர்க்கட்டுப்பாடு எதற்கு? கோடையில் மீன்பிடித் திருவிழா வைக்கிற கண்மாய்களில், பெரியவர் வெள்ளைத் துண்டை வீசும்வரை ஒருத்தரும் இறங்க மாட்டார்கள். அப்புறம்தான் ஊத்தாக் கூடையும் கச்சா வலையும். குடிதண்ணீர் ஊருணியில் காலைக்கூட நனைக்காத ஊர்கள் நம்முடையவை. கொள்ளுக்குடிப்பட்டியில் வேட்டங்குடிப் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடியே போடுவதில்லை. வேட்டங்குடி 1977-இலிருந்து பறவைகள் சரணாலயமான இடம், அங்கே தூண்டிலோடு போகவே வேண்டாம்.

முள்ளும் நரம்பும்:
அதனால்தான் நான் தொண்டிக் கடற்கரைக்குப் போய்விடுகிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைகூட விசைப்படகுக்குத்தான், கரையில் நின்று வீசுகிறவனுக்கு இல்லை.

வரால் பித்தன்:
போங்கள். ஆனால் கடற்குதிரை, கடல் அட்டை கையில் சிக்கினால் அப்போதே தண்ணீரில் விடுங்கள். 1972-ஆம் வருட வனவிலங்குச் சட்டம் கடலுக்கும் உண்டு.

தக்கை மிதக்குது:
இன்று காலை அந்தக் குத்தகைக்காரரைப் போய்ப் பார்த்தேன். ஒரு நாளைக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு ஜிலேபி மட்டும் பிடிக்கவிட முடியுமா என்று கேட்டேன். கட்லாவுக்கு வலை போடும் வாரம் தவிர வரலாம் என்றார். ஊர்ப் பையன்களிடம் பணம் வாங்குவதில்லை என்றும் சொன்னார். அது சரியா என்று எனக்கு இன்னும் உறுத்துகிறது.

கலுங்கடி:
அவர்கள் அந்தக் கண்மாய்க்கு மராமத்து வேலை பார்த்த வீட்டுப் பிள்ளைகள், தம்பி. மடை அடைத்தால் இறங்கி எடுக்கிறவர்களும் அவர்கள்தான்.