புதுப்பிப்பு: செவியாவில் ஊர்வலத்துக்குள் மாட்டிக்கொண்ட விஷயம்

ஸ்பெயினின் செவியா நகரில் புனித வார (ஈஸ்டருக்கு முந்தைய வாரம்) ஊர்வலங்கள் தெருவை அடைத்துவிட்டன, விடுதிக்கு எப்படிப் போவது, கூம்பு முக்காடு போட்டவர்கள் யார் என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

முக்காடு விஷயம் தெளிவாகிவிட்டது. அவர்கள் சமயச் சகோதரத்துவச் சபையினர். முகம் மறைப்பது தவத்துக்காக. இதே மாதிரி முக்காடு போடும் அமெரிக்க இனவெறிக் கும்பலுக்கும் (கு க்ளக்ஸ் க்ளான்) இதற்கும் சம்பந்தமில்லை, இது பல நூற்றாண்டு பழையது.

வழிக்கு வருவோம். எல்லாச் சபைகளும் லா கம்பானா சதுக்கத்திலிருந்து பேராலயம் வரையுள்ள பாதையில்தான் வந்து சேர்கின்றன. அந்தப் பக்கம் போகாமல் சுற்றிப் போனேன், சிக்கல் தீர்ந்தது. ஊர்வல நேர அட்டவணையும் கிடைக்கிறது.

அப்புறம் நின்று பார்த்தேன். ஒரு டன்னைத் தாண்டும் சிலை மேடையை, அதைச் சுற்றித் தொங்கும் துணிக்குள் மறைந்து ஒரு குழுவினர் சுமக்கிறார்கள், பாரம் முழுக்கப் பிடரியில். வெளியே இருக்கும் தலைவர் உலோகச் சுத்தியலால் தட்டினதும் மொத்த மேடையும் ஒரே எகிறலில் மேலே எழும்பியது! மாடியிலிருந்து ஒருவர் வாத்தியம் இல்லாமல் பாட, ஊர்வலமே நின்று கேட்டது. பக்கத்தில் ஒரு பொடியன் மெழுகு உருண்டையை நீட்ட, முக்காட்டுக்காரர் மெழுகுவர்த்தியைச் சாய்த்துச் சொட்டவிட்டார். வருடா வருடம் உருண்டையைப் பெரிதாக்குவார்களாம்.

போகிறவர்களுக்கு: தேதி ஆண்டுதோறும் மாறும். 2027இல் ஈஸ்டர் மார்ச் 28, அதற்கு முந்தைய வாரம்தான் இது. வழுக்காத செருப்பு போடுங்கள், தெருவெல்லாம் மெழுகு.