பிள்ளைகள் போட்ட புது நாடகம்: மனதை விட்டுப் போகாத காட்சி இருந்தால் சொல்லுங்கள்

ஆனையூர்க்காரன்:
பிள்ளைகளே புது நாடகம் போடும் இளையோர் நாடக விழா எப்படி இருக்கும் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும், நேராக விஷயத்துக்கு வருகிறேன். மதுரை தல்லாகுளம் பக்கம் ஒரு மண்டபம். உசிலம்பட்டிப் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகள். பதினொன்றாம் வகுப்பு மாணவி எழுதிய நாடகம். டவுன் பஸ் நிற்காமல் போவதால் தினமும் பள்ளிக்குத் தாமதமாகப் போகும் ஒரு பெண்ணின் கதை.

நாலு நாற்காலி, ஒரு மூங்கில் கம்பு, அதுதான் பஸ். அந்தப் பெண் படியில் ஒரு கால் வைக்கிறாள். கண்டக்டராக நடித்த பையன் ரெண்டு விசில் கொடுத்து வண்டியைக் கிளப்ப வேண்டும். விசிலை வாயில் வைத்துவிட்டான். அந்த நேரம் பார்த்து முன்வரிசையில் இருந்து ஒரு அம்மா, "டேய், பிள்ளை ஏறட்டும்டா!" என்று கத்தினார். பையன் கன்னம் உப்பியபடியே அவரைப் பார்த்தான். பிறகு ஒரே ஒரு விசில், நீளமாக. ஒரு விசில் என்றால் வண்டி நிற்கும் என்று யாருக்குத் தெரியாது? கைதட்டல் அடங்கவே இல்லை.

ஆனால் எழுதியபடி மீதி நாடகம் அவள் நடந்தே பள்ளிக்குப் போவதில்தான் இருந்தது. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தவளுக்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை. ஏதோ பேசிச் சமாளித்தார்கள், திரை விழுந்தது. அந்தப் பையன் செய்தது சரியா? இன்னும் எனக்கு விடை கிடைக்கவில்லை.

ஆர்மோனியக்காரர் பேரன்:
நூற்றுக்கு நூறு சரி. எங்கள் தாத்தா ஸ்பெஷல் நாடகத்துக்கு ஆர்மோனியம் வாசித்தவர். அங்கே கதாநாயகனான ராஜபார்ட் ஒரு ஊர், கதாநாயகியான ஸ்திரீபார்ட் ஒரு ஊர், தனித்தனியாக புக் செய்வார்கள். ஒத்திகை கிடையாது, மேக்கப் கொட்டகையில்தான் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். அப்புறம் விடிய விடிய நாடகம்.

மேலூர்ப் பக்கம் ஒரு கோயில் திருவிழாவில் வள்ளி திருமணம். வள்ளி தினைப்புனத்தில் கிளி விரட்டும் ஆலோலம் பாடிக்கொண்டிருக்கிறார். மேடைக்குக் கீழே பாயில் தூங்கிய கைக்குழந்தை வீரிட்டு அழுதது. வள்ளியாக நடித்த அம்மா பாட்டை நிறுத்தவில்லை, ஆலோலத்தை அப்படியே தாலாட்டாகத் திருப்பினார். தாத்தா விரலைத் தூக்காமல் கூடவே போனார். குழந்தை அடங்கியதும் மறுபடி கிளி விரட்ட வந்துவிட்டார்கள். எதிரே உட்கார்ந்திருப்பவருக்குப் பதில் சொல்வதுதான் மதுரை மேடை.

நாடக டீச்சர்:
ஸ்பெஷல் நாடகத்தை இதோடு சேர்க்காதீர்கள், தம்பி. வள்ளி திருமணத்தில் எங்கே சுற்றினாலும் கடைசியில் முருகன் வள்ளியைக் கட்டிக்கொள்வார் என்று ஊருக்கே தெரியும். அதனால் சுற்றலாம். புது நாடகம் எங்கே போய் முடியும் என்று எழுதியவளுக்கு மட்டும்தான் தெரியும். வழியில் இறக்கிவிட்டால் யாரும் போய்ச் சேர மாட்டார்கள்.

இதே மதுரையில் 1918-ல் நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் சிறுவர்களை வைத்து தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா என்ற நாடகக் குழுவைத் தொடங்கினார். அங்கே முதலில் பாடம், பிறகுதான் மேடை. லண்டனில் நேஷனல் தியேட்டர் 1995 முதல் 'கனெக்‌ஷன்ஸ்' என்று நடத்துகிறது. தேர்ந்த நாடக ஆசிரியர்களிடம் இளையோருக்கென்றே புது நாடகங்கள் எழுதி வாங்கி, 13 முதல் 19 வயது வரை உள்ளவர்களின் குழுக்களிடம் கொடுக்கிறார்கள். ஒரே பிரதியை ஊர் ஊராகப் பல குழுக்கள் போடுகின்றன. நம் ஊரில் பிள்ளையே எழுதுகிறது என்றால் அந்தப் பிரதிக்கு இன்னும் கூடுதல் மரியாதை வேண்டாமா?

நான் பார்த்த காட்சி இது: எழுதிய பையன் மேடையின் பக்கவாட்டு மறைவில் நின்று, மேடையில் பேசப் பேச ஒவ்வொரு வசனத்துக்கும் உதடு அசைத்தான். ஒருத்தி ஒரு வரியை விழுங்கிவிட்டாள். அவன் உதடு மட்டும் அந்த வரியைச் சொல்லி முடித்தது.

சவுண்ட் சர்வீஸ்:
எனக்கு மறக்காதது ஒரு ஃபேன். மேலக்கால் பிள்ளைகள் நாடகம், மகள் அப்பாவிடம் ரகசியமாக ஒன்று சொல்கிறாள், அந்த வார்த்தையில்தான் கதையே இருக்கிறது. மேடை ஓரத்து பெடஸ்டல் ஃபேன் சத்தத்தில் போய்விட்டது. அவள் என்ன சொன்னாள் என்று இன்றுவரை தெரியாது.

விழா நடத்துபவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள். மேடைப் பக்கத்து ஃபேனை நாடகம் முடியும்வரை அணையுங்கள். உடை மாற்றும் பிள்ளைகளுக்குக் காலர் மைக் வேண்டாம், துணி உரசுகிற சத்தம்தான் கேட்கும். மேடை விளிம்பில் தரையோடு ரெண்டு மைக் போதும். விசில் காட்சி இருந்தால் மைக்கை விட்டுத் தள்ளி ஊதச் சொல்லுங்கள். ஒத்திகையைப் பள்ளி மைதானத்தில் வையுங்கள், கடைசி வரிசை தூரத்தில் ஒருவர் நின்று, கேட்காதபோது கை தூக்கட்டும். ரகசியம் பேசும்போதும் முகம் பாதி சபைப் பக்கம் இருக்க வேண்டும். ஸ்பீக்கரை மைக்குக்குப் பின்னால் வைக்காதீர்கள், கூவும். முந்தின குழு இறங்கியதும் அடுத்த குழுவுக்குப் பத்து நிமிஷமாவது மேடையைக் கொடுங்கள், பிள்ளைகள் குரல் கொடுத்துப் பார்க்கட்டும்.

கண்டக்டர் மகள்:
விசில் சரியா தப்பா என்றே பேசுகிறீர்கள். நான் கல்லூரியில் நடித்த நாடகத்திலும் கண்டக்டர்தான் வில்லன். அப்பா பெரியார் பஸ் ஸ்டாண்டில் டியூட்டி முடித்து அப்படியே வந்து கடைசியில் உட்கார்ந்திருந்தார். கண்டக்டர் வேஷத்தைப் பார்த்து அரங்கமே கூச்சல் போட்டபோது, மடியில் இருந்த தோல் பையை எடுத்து நாற்காலிக்குக் கீழே தள்ளினார். மேடையில் இருந்து பார்த்தேன்.

2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. கூட்டம் கூடியது, ட்ரிப் நேரம் மட்டும் அப்படியே இருக்கிறது என்பார் அப்பா. வண்டி நிற்காமல் போவது அநியாயம்தான், நானும் ஓடியிருக்கிறேன். ஆனால் அந்த மனிதனுக்கும் பேச ஒரு இடம் கொடுங்கள்.

ஆனையூர்க்காரன்:
அக்கா, நாடகம் எழுதிய மாணவி அந்த இடத்தைக் கொடுத்திருக்கிறாள். நாடகப் பிரதி என்னிடம் இருக்கிறது. கதையில் வரும் பெண் நடந்து போகும் காட்சிக்கு அடுத்த பக்கம் முழுக்கக் கண்டக்டர் தனியாகப் பேசுகிறார். ட்ரிப் நேரம், டிப்போவில் வாங்கும் திட்டு, வீட்டில் அதே வயசில் ஒரு மகள். வண்டி நின்றுவிட்டதால் அந்தப் பக்கம் அன்றைக்கு மேடைக்கே வரவில்லை.

நாடக டீச்சர்:
இதைத்தான் சொன்னேன்.

ஆர்மோனியக்காரர் பேரன்:
டீச்சர், அந்தப் பக்கத்தைப் பேச வேண்டியவனும் அதே பையன்தானே. நாடகத்திலேயே அவனுக்குப் பெரிய வசனம் அதுவாகத்தான் இருக்கும். அதை விட்டுக்கொடுத்துத்தான் அவன் அந்த ஒரு விசிலை ஊதியிருக்கிறான். நான் இன்னும் சரி என்றுதான் சொல்வேன்.