மறு: டிஸ்கோகிராஃபிக்குத் தமிழில் என்ன?

ஐயா, வணக்கம்.

> 'இசைத்தட்டுப் பட்டியல்' என்றே எழுதலாமே, எல்லோருக்கும் புரியும்.

புரியும், ஆனால் வேறொன்றாகப் புரியும். இசைத்தட்டுப் பட்டியல் என்றதும் கிராமபோன் கம்பெனிகள் விற்பனைக்காக அச்சிட்ட கேட்டலாக்தான் நினைவுக்கு வரும். பழைய ஜாஸ் பற்றிய நூல்களில் இருக்கும் டிஸ்கோகிராஃபி, அதாவது இசைப்பதிவுகளின் விவரத் தொகுப்பு, அது அல்ல.

கிங் ஆலிவரின் கிரியோல் ஜாஸ் பேண்டையே எடுத்துக்கொள்வோம். 1923 ஏப்ரலில் இண்டியானாவின் ரிச்மண்ட் நகரில், ஜென்னெட் கம்பெனிக்காக 'டிப்பர்மவுத் புளூஸ்' வாசித்தார்கள். மைக் வராத காலம். எல்லோரும் ஒரு பெரிய புனலைப் பார்த்து வாசிக்க வேண்டும். பேபி டாட்ஸால் தன் டிரம்ஸ் முழுவதையும் பயன்படுத்த முடியவில்லை. அதே ஆண்டு ஜூனில் சிகாகோவில், ஓக்கே கம்பெனிக்காக அதே உருப்படியை மறுபடி வாசித்தார்கள். தலைப்பும் குழுவும் ஒன்றுதான், பதிவுகள் இரண்டு. வெறும் தட்டுப் பட்டியலில் இந்த வேறுபாடு தெரியாது.

டிஸ்கோகிராஃபியின் அலகு பதிவு அமர்வு. எந்த நாள், எந்த ஊர், யார் எந்த வாத்தியம், பதிவு செய்த மெழுகுத் தட்டில் கீறிய எண் என்ன, எத்தனை டேக் என்றெல்லாம் எழுதிய பிறகுதான், அது எந்தக் கம்பெனியின் எந்தத் தட்டாக வெளிவந்தது என்பது வரும். வெளிவராமலே போன டேக்குகளுக்கும் அதில் இடம் உண்டு. தட்டே இல்லாததைத் தட்டுப் பட்டியலில் எப்படிச் சேர்ப்பது?

அதனால் 'தட்டு' வேண்டாம், 'பதிவு' இருக்கட்டும் என்கிறேன். சொல்லடைவு, நூலடைவு நமக்குப் பழக்கம்தான். அந்த வழியில் பதிவடைவு. தொகுப்பவர் பதிவடைவாளர்.

> பதிவு என்றால் இன்று வலைப்பதிவு, பத்திரப்பதிவு எல்லாம் வருமே?

நியாயமான கேள்வி. முதல் முறை 'இசைப்பதிவடைவு' என்று எழுதிவிட்டு, பிறகு சுருக்கிக்கொள்ளலாம். சார்ல் டெலோனே 1936இல் பாரிஸில் வெளியிட்ட 'ஹாட் டிஸ்கோகிராஃபி'யையும், 1897 முதல் 1942 வரையான ஜாஸ் பதிவுகளைப் பிரையன் ரஸ்ட் தொகுத்த பெருநூலையும் பற்றித் தமிழில் எழுதும்போது இந்தச் சொல் இடறாது. 1942 ஆகஸ்டில் அமெரிக்க இசைக்கலைஞர் சங்கம் பதிவுகளை நிறுத்திவைத்தது, அதனால் அந்த ஆண்டு இயல்பான எல்லையாகிவிட்டது. பதிவு அமர்வை வைத்தே காலம் பிரித்திருக்கிறார்கள் என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

> டேக் = எடுப்பு?

இதை மட்டும் ஏற்க முடியவில்லை. தாளத்தில் பாட்டு தொடங்கும் இடத்துக்கு எடுப்பு என்று பெயர். இசை பற்றிய நூலிலேயே இரண்டும் மோதினால் வாசகர் பாவம். ஜாஸ் பியானோ கலைஞர் ஜெல்லி ரோல் மார்ட்டன் 1926இல் விக்டர் கம்பெனிக்காக வாசித்த சில உருப்படிகளுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட டேக் இன்றும் கேட்கக் கிடைக்கிறது. அங்கே 'இரண்டாம் எடுப்பு' என்றால் யாருக்கு விளங்கும்? சினிமாவால் டேக் எல்லோர் வாயிலும் இருக்கிறது. அப்படியே விட்டுவிடலாம்.

மெழுகில் கீறிய அந்த மேட்ரிக்ஸ் எண்ணுக்கு 'அச்சு எண்' என்று வந்த பரிந்துரை பதிப்புத் துறையோடு குழம்பும். 'மூலத்தட்டு எண்' என்று முன்வைக்கிறேன். அந்த எண் உண்மையிலேயே தட்டுக்கு உரியது, அதனால் இங்கே தட்டு பொருந்துகிறது. இதைவிடச் சுருக்கமாக யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள். சொற்பட்டியலில் அந்த வரியை மட்டும் காலியாக வைத்திருக்கிறேன்.

அன்புடன்.